ஆடிக் கூழும் ஆவடி பஸ்ஸும்

மஸ்கட்டில் எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. ஊரே விடுமுறை என்பதால் சர்ச் ஆராதனையும் அன்றைக்கே நடந்துவிடும். அப்படியொரு வெள்ளிக்கிழமைக் காலையில் பாரிவாக்கத்தில் ஆட்டோவை விட்டு இறங்கினேன். தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம். கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆடி வெள்ளி. நான் ஊருக்கு வரக்கூடாது என்று வைத்திருந்த ஒரே மாதத்தில் வந்து சேர்ந்திருந்தேன்.

வழக்கமாக டிசம்பரில்தான் வருவேன். இந்த முறை அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், பூந்தமல்லியில், திங்கட்கிழமை. அண்ணன் முகப்பேரில் இருக்கிறான். ஆனால் அவனுக்கு ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே தலை சுற்றும். கூட இருக்கப் பெண் பிள்ளைதான் வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் வேலை பார்க்கும் தண்ணீர் பாட்டில் கம்பெனியிலும், போனால் இப்போது போ என்றார்கள். கிளம்பிவிட்டேன்.

ஊர் மாறித்தான் இருந்தது. சின்ன வயதில் நெல் பார்த்த இடத்தில் இப்போது மனை எண் எழுதிய கல். எங்கள் வீட்டுக்கு எதிரில் மூன்று மாடி எழும்பி, எங்கள் மாட்டுக்கு வெயில் கிடைக்காமல் செய்திருந்தது. மஸ்கட்டில் எல்லா வீடும் வெள்ளை. இங்கே ஒரு வீடு கத்திரிப்பூ நிறம், பக்கத்து வீடு பச்சை மிளகாய் நிறம். கண்ணுக்குப் பழக ஒரு பகல் பிடித்தது.

அம்மா தட்டில் சர்க்கரைப் பொங்கலை வைத்தாள். நான் அதைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"துன்னுடி. இது சாமிக்குப் படைச்சது இல்ல. சாமி சத்தியமா!" என்றாள்.

சிரிப்பு வந்து புரையேறியது. தண்ணீர் கொடுத்தாள். டம்ளரை வாங்கியதும் கை தானாக அதைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தது. பழைய பழக்கம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நைனா மாட்டுக்குத் தவிடு வைத்துவிட்டு வந்தார். நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். "வந்துட்டியா? பிளேனு லேட்டா? இளைச்சுப் போய்கீற," என்றார். அன்பாகத்தான் கேட்டார். "வாங்க நைனா, நாஷ்டா துன்னலாம்," என்றேன். "நீ துன்னு. நான் அப்பால துன்றேன்," என்று துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இந்த 'அப்பால'வுக்கு ஒரு கதை இருக்கிறது. ஆடி ஞாயிறு எங்கள் ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். வீட்டுக்கு ஒரு பானை கொண்டுபோய்ப் பெரிய அண்டாவில் கொட்டி, அம்மனுக்குப் படைத்து, பிறகு ஊருக்கெல்லாம் ஊற்றுவார்கள். முதல் பானை எங்கள் வீட்டுப் பானை. பரம்பரையாக வந்த உரிமை. சுமந்து போவது நைனா. நான் ஞானஸ்நானம் எடுத்த வருஷம், படைத்து முடித்த கையோடு முதல் சொம்பை ஊர் பார்க்க என்னிடம் நீட்டினார். "வேணாம் நைனா," என்றேன். படைத்ததைச் சாப்பிட என் மனசு ஒப்பவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவர் சொம்பை வேப்பமரத்தடியில் கவிழ்த்துவிட்டு நடந்தார்.

அன்றிலிருந்து என்னோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. மஸ்கட்டுக்குப் போன் பண்ணுவார், மழை பெய்ததா என்பார், சம்பளம் வந்ததா என்பார். டிசம்பரில் வந்தால் பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வருவார். வாங்கி வந்து, நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் உட்காருவார். கோபமாக நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பல தடவை தோன்றியிருக்கிறது. இந்த முறை கூழ் நாளன்று ஊரிலேயே இருக்கப் போகிறேன். மறுபடி 'வேணாம்' என்று சொல்லவேண்டி வந்தால் என்ன ஆகும் என்ற பயம் விமானத்திலேயே தொடங்கிவிட்டது.

சனிக்கிழமை, முன்பு கூட வேலை பார்த்த தோழி மெர்சியைப் பார்க்க முத்தாபுதுப்பேட்டைக்குக் கிளம்பினேன். ஆவடிக்குப் பஸ் வரவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினேன். உள்ளே ஏற்கெனவே ஆள், பை, ஒரு உயிருள்ள கோழி எல்லாம் இருந்தன. பருத்திப்பட்டு தாண்டியதும் ஆட்டோ இருமியது, நின்றது.

"இன்னா அண்ணாத்தே ஆச்சு?" என்றார் கோழிக்காரர்.

"ஒண்ணியும் இல்ல. அதுக்கும் ஆடி மாசம், வெரதம் கீது," என்றார் டிரைவர், பின்பக்கம் குனிந்தபடி. எல்லோரும் சிரித்தார்கள். மஸ்கட்டில் டாக்சி நின்றுவிட்டால் டிரைவர் மன்னிப்புக் கேட்பார், வேறு வண்டி வரவழைப்பார். இங்கே மன்னிப்பு கிடையாது, பேச்சுத் துணை கிடைக்கும். கடைசியில் பின்னால் வந்த பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டார்கள். ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தது. உடனே ஒரு அம்மாள் கீரைக் கட்டோடு வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்து, என் மடியிலும் பாதிக் கீரையை வைத்தாள். எனக்கு அது எவ்வளவு சந்தோஷம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஏனென்றால் என் பக்கத்தில் யாருமே உட்காராத காலம் ஒன்று இருந்தது. கெமிஸ்ட்ரி படித்து முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. அப்போதுதான் விடாத இருமல் வந்தது; பரிசோதனையில் டி.பி. என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஆள் விட்டு நிச்சயத் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். டம்ளர் மாறிவிடக் கூடாதென்று அடியில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்தாள் அம்மா. "இத்த யாரும் தொடாதீங்க," என்று தினமும் சொல்வாள். இனி ஒட்டாது, சேர்ந்து சாப்பிடலாம் என்று நர்ஸம்மா வந்து சொன்ன பிறகும் பொட்டு போகவில்லை. நைனா தினமும் மொபெட்டில் என்னை மாத்திரைக்குக் கூட்டிப்போவார், ஒருநாள் தவறியதில்லை. முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பாமல் முன்பக்கமாகவே வைத்துக்கொள்வார். அவர்கள் பயந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் இருபத்திரண்டு வயதில் அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்துப் பார்த்து, செத்தாலும் பரவாயில்லை என்று தோன்ற ஆரம்பித்திருந்தது.

திரும்ப வேலைக்குப் போனபோது கேன்டீனில் மூலையில் தனியாகச் சாப்பிடுவேன். மெர்சி என் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவள். அவளுடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடி டாங்க் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். அவள் வளர்ந்ததெல்லாம் குவார்ட்டர்ஸில். ஒருநாள் நேரே வந்து எதிரில் உட்கார்ந்து, என் டப்பாவிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு டி.பி.," என்றேன்.

"தெரியும். உங்கம்மா காரம் ஜாஸ்தியா போடறாங்க," என்றாள்.

இயேசுவைப் பற்றி அவள் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேட்டது நான்தான், அவளுடைய சர்ச்சுக்குப் போனேன். ஆவடியில் ஒரு பெயின்ட் கடைக்கு மேல்மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், காதைப் பிளக்கும் கீபோர்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபித்தார்கள். யார் பேச்சை யார் கேட்பது என்று எனக்குச் சந்தேகம் வந்தது. திரும்பும்போது என் செருப்பைக் காணோம். யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். இதெல்லாம் நமக்குச் சரிவராது என்று வெறுங்காலோடு வீடு வந்தேன். ஆனால் அங்கே பிரசங்கத்தில் கேட்ட ஒரு விஷயம் மட்டும் விடாமல் கூட வந்தது. யாரும் தொடாதவர்களை இயேசு தேடிப் போய்த் தொட்டாராம்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் நல்ல மழை. அம்பத்தூரிலிருந்து ஆவடி போகும் பஸ்ஸில் முகக்கவசத்தோடு, ஜன்னல் ஓரத்தில் இருமிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. என் பக்கத்து இருக்கை மட்டும் காலி. ஜனங்கள் கம்பியில் தொங்கினார்கள், அதில் உட்காரவில்லை. வண்டி நகரவும் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது மனசுக்குள் சொன்னேன். அதுதான் என் முதல் ஜெபம், ஆமென்கூடக் கிடையாது. 'நீங்க இருக்கறது நெசம்னா, வந்து பக்கத்துல உக்காருங்க.'

ஆவடி வரும்வரை யாரும் உட்காரவில்லை. ஆனால் எனக்கு அது காலியாகத் தெரியவில்லை. இதற்குமேல் விளக்கச் சொன்னால் எனக்குத் தெரியாது. இறங்கும்போது, வழிவிடச் சொல்வதுபோல அந்தப் பக்கம் பார்த்துத் தலையசைத்துவிட்டு இறங்கினேன். வியாதி குணமாக அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டேன். சாக வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அந்தப் பஸ்ஸோடு போய்விட்டது.

கீரைக்கார அம்மாள் ஆவடியில் என்னை உலுக்கினாள். "இன்னாமே, கண்ணுல தண்ணி? கீரை குத்திச்சா?" ஆமாம் என்றேன்.

மெர்சி வீட்டில் உளுந்தஞ்சோறும் கறிக்குழம்பும் எள்ளுத் துவையலும். மஸ்கட்டில் எத்தனை தமிழ் ஓட்டல் இருந்தாலும் இந்தச் சோறு மட்டும் கிடைக்காது. மெர்சியின் அம்மாவுக்குச் சென்னை வந்து முப்பது வருஷமாகியும் பேச்சில் திருநெல்வேலி போகவில்லை. "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கோம்மா, கொறிச்சிக்கிட்டு இருக்க?" என்று பரிமாறிக்கொண்டே இருந்தார். கூழ் விஷயத்தைச் சொன்னேன்.

"குடிச்சிடேன். கூழுதானே? உங்கப்பா மனசு ஆறும்ல?" என்றாள் மெர்சி.

"ஏ, நீ சும்மா இரு. அவளுக்கு மனசு ஒப்பலன்னா எப்படிக் குடிப்பா?" என்றார் அவள் அம்மா. "எங்க ஊர்ல பக்கத்து வீட்டுல பொங்க வச்சாவன்னா, படைக்கதுக்கு முன்னாடியே எங்களுக்குன்னு ஒரு கிண்ணத்துல எடுத்து வச்சிருவாவ. நாங்க கேட்டதே இல்ல."

பரம்பரைக் கிறிஸ்தவர்களுக்கு எல்லாம் சுலபம். மெர்சிக்குக் கூழ் வெறும் கூழ். எனக்கு அது நான் விட்டு வந்த இடம். ஒரு வாய் குடித்தால் அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்தவரை எழுந்துபோகச் சொன்ன மாதிரி இருக்கும். எடுத்து வைப்பதும் எங்கள் வீட்டில் நடக்காது. அம்மன் குடிக்கும் முன் கூழில் உப்புக்கூடப் பார்க்க மாட்டார்கள். சின்ன வயதில் அண்ணன் கரண்டியை நக்கிவிட்டான் என்று அண்டா முழுவதையும் மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டு, நைனா மறுபடி உலை வைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இதையும் சொன்னேன். பிறகு மெர்சி என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தாள்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது பின்கட்டில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. புளித்த கேழ்வரகு வாசனை எட்டு வீட்டுக்கு அடித்தது. அம்மாவுக்குக் கண் எரியக் கூடாதென்று நைனா ஒண்டியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் மறுபிடி பிடித்தேன்.

"உடு, கை நோவும்."

"நோவட்டும் நைனா."

இருவரும் கிளறினோம். உப்பைக் கையில் அள்ளி, உள்ளங்கையில் நிறுத்துப் பார்ப்பதுபோல அசைத்து, அண்டாவில் போட்டார். சரியாக இருக்குமா என்று கேட்டேன். "அவ குடிச்சாதான் தெரியும்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நெருப்பைத் தள்ளிவிட்டபடி, "நாளைக்கு உன் கோயிலு எத்தன மணிக்கு?" என்றார்.

என் சர்ச் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அது. "ஒம்போது மணிக்கு," என்றேன்.

"காலீலயே கெளம்பிடு. ஆடி ஞாயிறு, ரோட்டுல கும்பலா இருக்கும்."

கூழ் ஊற்றும் நேரத்தில் நான் ஊரில் இருக்க வேண்டாம் என்கிறாரா, நிஜமாகவே கும்பலைப் பற்றித்தான் சொல்கிறாரா? துடுப்பில் ஒட்டியிருந்ததை வழித்துவிட்டு அவர் எழுந்துபோனார். அன்றைக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

ஞாயிறு காலை பெயின்ட் கடை மேல்மாடியில் அதே பிளாஸ்டிக் நாற்காலிகள். இப்போது ஏ.சி. போட்டிருக்கிறார்கள்; கீபோர்டு அதே சத்தம். செருப்பை ஒரு பையில் போட்டுக் காலடியிலேயே வைத்துக்கொண்டேன். எல்லோரும் சத்தமாக ஜெபித்தபோது நானும் சத்தமாக, 'என் நைனாவோடு ஒருவேளை சாப்பிட வேண்டும்' என்றேன். அத்தனை சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. இந்தச் சத்தத்துக்கு ஒரு பயன் இருப்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

திரும்பும் வழியில் பருத்திப்பட்டிலேயே ரோடு மறித்திருந்தது. பம்பை, உடுக்கை, மஞ்சள் சேலை, தலையில் பானைகள். பஸ் ஓரம் கட்டியது. "இன்னைக்கு அம்மாதான் டிராஃபிக் போலீஸு," என்று சொல்லிவிட்டு கண்டக்டர் டீ குடிக்கப் போய்விட்டார். மஸ்கட்டில் ஹாரன் அடித்தால் முறைப்பார்கள். இங்கே ஹாரன் அடித்தவனுக்கும் கூப்பிட்டு ஒரு கிளாஸ் கூழ் கொடுத்தார்கள். நான் இறங்கி வெயிலில் நடந்தேன். பாரிவாக்கம் வந்தபோது கோயிலில் படையல் முடிந்து கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நைனாவைக் கூட்டத்தில் தேட எனக்குத் தைரியமில்லை. நேரே வீட்டுக்குப் போனேன்.

அம்மா கட்டிலில் படுத்திருந்தாள். "அடுப்பாண்ட பாரு. உன்னுது கீது," என்றாள்.

ஒரு எவர்சில்வர் தூக்கு, மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. திறந்தேன். கூழ்.

"காலீல பானைக்கு மஞ்சத்துணி கட்டறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுட்டாரு உங்க நைனா. எனக்குப் பகீர்னு ஆச்சு. இன்னாய்யா இதுன்னேன். 'இத்த யாரும் தொடாதீங்க, அவளுது'ன்னு சொல்லிட்டு பானைய தூக்கிகினு போய்ட்டாரு."

நான் தூக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் தாராளமாகவே அழுதேன்.

பசித்தது. ஆனால் குடிக்கவில்லை. வெங்காயம் உரித்தேன், முருங்கைக்கீரையைச் சூடு பண்ணினேன், கருவாட்டுக் குழம்பை எடுத்து வைத்தேன். ஊர் முழுக்க ஊற்றி முடித்து நைனா வரும்போது வெயில் இறங்கியிருந்தது. வேட்டியெல்லாம் மஞ்சள் தண்ணீர், நெற்றியில் குங்குமம். காலையிலிருந்து விரதம், உதடு காய்ந்திருந்தது. தூக்கைப் பார்த்தார்.

"இன்னும் குடிக்கலியா நீ?"

"உங்களுக்காகத்தான் நைனா காத்துகினு கீறேன்."

"இன்னாய்யா, நீ கோயில்லயே குடிச்சிருப்பியே?" என்றாள் அம்மா கட்டிலிலிருந்து.

"இல்ல. கும்பலு." துண்டைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் குந்தினார். கையெட்டும் தூரத்தில் ஒரே ஒரு டம்ளர் இருந்தது. அதில் ஊற்றி நீட்டினேன். வாங்கிக்கொண்டு, குடிக்காமல் என்னைப் பார்த்தார்.

"ஜெபம் பண்ணிட்டுத்தானே நீ துன்னுவ? பண்ணு. பசிக்குது."

கண்ணை மூடினேன். மஸ்கட்டில் என்னை ஜெபிக்கச் சொன்னால் நிறுத்துவதற்குத்தான் ஆள் வேண்டும் என்று கேலி பண்ணுவார்கள். அன்றைக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. மழையில் நின்ற அந்தப் பஸ்ஸும் காலி இருக்கையும்தான் வந்தன. நன்றி என்று மட்டும் சொன்னேன்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது நைனா."

டம்ளரில் வாய் வைத்து, தலையைச் சாய்த்துப் பாதிக் கூழைக் குடித்தார். டம்ளரின் அடிப்பக்கம் தெரிந்தது. வெறும் எவர்சில்வர்தான். மீசையைத் துடைத்துக்கொண்டு, மீதியை என்னிடம் நீட்டினார்.

"உப்பு கம்மியா கீது, இல்ல?"

வாங்கிக் குடித்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

"ஆமா நைனா," என்றேன். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"